நாடக விருது விழா நேரலைக்கு ஆடியோ டிரான்ஸ்பார்மர் வேணுமுங்க

வணக்கமுங்க. ஈரோட்டில் நாடக விருது விழா, நேரலை. மேடைக்கு ஜெனரேட்டர், ஒளிபரப்பு வண்டிக்கு மண்டபக் கரண்ட். ரெண்டு எர்த்துக்கும் வோல்டேஜ் வித்தியாசம் இருக்கறதால ஆடியோ கேபிள் ஷீல்டு (உள் ஒயரைச் சுத்தியிருக்கற உலோக உறை) வழியா கரண்ட் ஓடி, 50 ஹெர்ட்ஸ் உறுமல் வருது. மேடை விளக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கற டிம்மரை ஏத்தினா "ஜிர்"ருன்னு அதுவும் சேர்ந்துக்குது.

எர்த் பின்னைக் கழட்டுங்கன்னு சிலர் சொல்றாங்க. தயவுசெஞ்சு யாரும் அதைச் செய்யாதீங்க. எங்காவது லீக் இருந்தா, மைக் பிடிக்கிற கலைஞருக்கு ஷாக் அடிக்கும், உயிரே போகலாம்.

அதுக்குப் பதிலா, ரெண்டு பக்க எர்த்தையும் பிரிச்சு ஆடியோவை மட்டும் கடத்தற 1:1 ஆடியோ டிரான்ஸ்பார்மரை மிக்ஸருக்கும் வண்டிக்கும் நடுவுல போடணும்; எக்ஸ்எல்ஆர் (மூணு பின் மைக் கனெக்டர்), 2 சேனல் வேணும். கோவை, திருப்பூர் பக்கம் வாடகைக்கு யாருகிட்ட கிடைக்குமுங்க? 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் லீக் ஆனா உடனே நிறுத்தற சுவிட்ச்) வெச்ச பவர் பெட்டி 2, தரையில ஒயரை மூடற ரப்பர் கேபிள் ரேம்ப் 6 கூட வேணும். சலங்கை கட்டி வர்றவங்க கால் ஒயர்ல மாட்டிக்கும். ஒத்திகையிலேயே மாட்டிப் பார்க்கணும், முந்தின நாளே கிடைச்சா நல்லதுங்க.