நியூ வேகஸ் ஆடுபவர்கள் கொஞ்சம் கை கொடுங்கள்

நண்பர்களே, 2010-இல் வந்த ஃபால்அவுட் நியூ வேகஸ் என்ற வீடியோ கேமை இப்போதுதான் கணினியில் ஆட ஆரம்பித்திருக்கிறேன். ஆட்டம் தொடங்கும் ஊரான குட்ஸ்பிரிங்ஸிலிருந்து வடக்கே பார்த்தால் வேகஸ் கோபுரம் பக்கத்திலேயே தெரிகிறது. நேராக நடந்தேன், கசடோர் குளவிகள் கொட்டி, விஷம் ஏறிச் செத்தேன். சரி என்று குவாரி பக்கம் போனால் டெத்கிளா என்ற பெரிய நக மிருகம். இரண்டே அடி. அப்புறம் பிரிம், நிப்டன், நோவாக் ஊர்கள் வழியாக தெற்கே சுற்றினேன். அதுகூடப் பரவாயில்லை, கதை எல்லாம் அந்த வழியில்தான் இருக்கிறது.

என் வயிற்றெரிச்சல் ஹார்ட்கோர் என்ற கடினமான முறையில். தண்ணீர், சாப்பாடு, தூக்கம் பார்க்க வேண்டும், தோட்டாவுக்கும் எடை உண்டு. இதெல்லாம் எனக்குப் பிடித்தே இருந்தது. ஆனால் நோவாக்கில் டைனோசர் பொம்மையின் வாய்க்குள் நின்று காவல் காக்கும், இப்போது என் கூட்டாளியாக வரும் பூன் இருக்கிறானே (என் தம்பிக்கு அவன் பூனை), எதிரி தெரிந்தால் போதும், சொல்பேச்சு கேட்காமல் ஓடுகிறான். நேற்று கசடோர் கூட்டத்துக்குள் போய் விழுந்தான். இந்த முறையில் கூட்டாளி செத்தால் செத்ததுதான். என் கடைசி சேவ் மூன்று மணி நேரம் பழசு!

கூட்டாளியை எப்படி அடக்கி வைக்கிறீர்கள்? ஹார்ட்கோரை அணைக்க மனசு வரவில்லை.

இன்னொன்று, வேகஸின் சூதாட்ட விடுதித் தெருவான ஸ்ட்ரிப்பின் வாசலைத் தாண்டும்போது லோடிங் திரையிலேயே ஆட்டம் மூடிக்கொள்கிறது. மோட் (ரசிகர்கள் செய்யும் மாற்றங்கள்) எதுவும் போடவில்லை. ஆட்டம் 4 ஜிபி வரை நினைவகம் எடுக்க விடும் 4 ஜிபி பேட்ச் போடச் சொல்கிறார்கள். பாதி ஆட்டத்தில் போட்டால் சேவ் கெடுமா? போட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.