டூ ஸ்ட்ரோக் குவாட் (நான்கு சக்கர மணல் வண்டி): சிலிண்டர் ஹெட்டின் அடி முகத்தைச் சீவி, எரி அறையைச் சுருக்கிக் கம்ப்ரஷன் ஏற்றியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பேன்ஷீ 350

வாங்கும்போதே ஹெட் சீவிய வண்டி. "கம்ப்ரஷன் அழுத்தம் 155 பிஎஸ்ஐ நிற்கும், பாருங்கள்" என்று விற்றவர் சொன்னார். கேஜ் போட்டுப் பார்த்தேன், இரண்டு சிலிண்டரிலும் 155 தான். மணலில் நீளமான ஏற்றம், முழு த்ராட்டில், பிரமாதமாக இழுத்தது. வித்தியாசமான சத்தம் எதுவும் காதில் விழவில்லை. ஹெல்மெட்டும் பைப் சத்தமும் சேர்ந்தால் எங்கே விழும்!

மேலே போய் நிறுத்திப் பிளக்கைக் கழற்றினேன். வெள்ளைப் பீங்கானில் மிளகைத் தூவியது போலக் கரும்புள்ளிகள், அவற்றுக்கு நடுவே பொடிப்பொடியாக ஏதோ மினுங்கியது. விரல் நகத்தால் சுரண்டினால் ஒட்டிக்கொண்டு வந்தது. அலுமினியம். பிஸ்டன் கொஞ்சம் கொஞ்சமாகப் பிளக்குக்குக் குடிபெயர்கிறது என்று அர்த்தம்.

அப்புறம் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளக்க, ஈயக் கம்பியைப் பிளக் துளை வழியாக, பிஸ்டன் பின் இருக்கும் வாக்கில் இரண்டு பக்கமும் விட்டு, கிக்கரை மெதுவாக மிதித்து நசுக்கிப் பார்த்தேன். சிலிண்டர் சுவரை ஒட்டிய நுனி 1.1 மி.மீ. உள்ளே வரவரத் தடித்து 2 மி.மீ.யைத் தாண்டுகிறது. நான்கு இடத்திலும் இதே கதை. எனக்கு இன்னும் ஆறாத விஷயம் இதுதான்: கேஜ் கடைசிவரை ஒரு குறையும் சொல்லவில்லை.

லேத் பட்டறை

கேஜ் எப்படிச் சொல்லும்? அதற்குத் தெரிந்தது அழுத்தம் மட்டும். அறையின் கொள்ளளவு குறைந்தால் முள் ஏறும். அந்த இடம் எந்த வடிவத்தில் குறைந்தது என்பது அதற்குத் தெரியாது. உங்கள் ஹெட்டில் ஸ்குவிஷ் வளையத்தின் (ஓரத்துக் கலவையை நடுவுக்கு நெருக்கித் தள்ளும் ஓர வளையம்) கோணம் பிஸ்டன் தலையோடு பொருந்தவில்லை. உள்நோக்கி ஒரு டிகிரி விரியலாம், இது அதற்கும் மேலே. ஓரத்துக் கலவை நடுவுக்குப் பீய்ச்சப்படாமல் அங்கேயே தங்கி, தீ வருவதற்குள் தானாக வெடிக்கிறது, நாக்கிங் என்பது இதுதான்.

என்னிடம் வந்த ஒன்றைச் சொல்கிறேன். வேறு இடத்தில் இரண்டு முறை சீவிய ஹெட். "இன்னும் ஒரு கால் மில்லி எடுங்கள்" என்று கொண்டு வந்தார். நான் பிளக் மரையில், அதே 14 மி.மீ. மரையில்தான், மாண்ட்ரலை (பிடிதண்டை) முறுக்கி லேத்தில் பிடிப்பேன். முகத்தையும் ஸ்குவிஷையும் ஒரே பிடிப்பில் வெட்டலாம், கோணல் வராது. பிடித்துச் சுழலவிட்டு வெர்னியர் வைத்தால் அறையின் வாய் போரைவிட (சிலிண்டரின் உள்விட்டத்தைவிட) சின்னது! ஸ்குவிஷ் வளையம் சரிவானது; முகத்தைச் சீவிக்கொண்டே போனால் முகத்துக்கும் வளையத்துக்கும் நடுவே உள்ள படி முழுவதும் தீர்ந்து, சரிவுக்குள் வெட்டு இறங்கும், வாய் சுருங்கும். பிஸ்டனைக் கொண்டு வரச் சொன்னேன். ஓரத்தில் கரியே இல்லாமல் பளபளவென்று ஒரு பிறை, ஹெட்டில் முட்டிய தடம். அதற்கு நேர் கீழே ரிங் காடி நசுங்கி, ரிங் அசையவே இல்லை. அவரோ அதுவரை "ஏதோ கிராங்க் பேரிங் சத்தம்" என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

மணல்மேட்டு 250

எல்லோரும் சும்மா பயமுறுத்துகிறீர்கள். என்னுடையது ஹோண்டா டிஆர்எக்ஸ் 250ஆர். அரை மில்லி சீவினேன். ஈயக் கம்பியும் இல்லை, அறைக் கொள்ளளவை அளக்கும் பியூரெட்டும் இல்லை. வருஷக்கணக்கில் ஓடுகிறது. கீழ் ஆர்பிஎம்மில் இழுவை கூடியது உண்மை. முன்பு கிளட்சைத் தொட்டுத் தொட்டு ஏறிய மேட்டில் இப்போது கை வைப்பதே இல்லை.

நினைவில் நிற்பது கிக்கர்தான். சரிவில் வண்டி நின்றுவிட்டது, உட்கார்ந்தபடியே அரைகுறையாக ஒரு மிதி. திருப்பி அடித்தது பாருங்கள், முழங்கால் ஹேண்டில்பாரில் மோதி, பிரேக் லீவர் வளைந்துவிட்டது. கால் மரத்துப்போய்ச் சற்று நேரம் மணலிலேயே உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து எழுந்து நின்று முழு மிதிதான்.

லேத்காரர் சொல்வது இரண்டு முறை சீவிய ஹெட்டின் கதை. ஒருமுறை அளவாகச் சீவியவனுக்கு இத்தனை பூச்சாண்டி எதற்கு?

லேத் பட்டறை

எவ்வளவு எடுத்தீர்கள் என்பது எனக்குப் பெரிதில்லை, எடுப்பதற்கு முன் எவ்வளவு இருந்தது? கம்பெனி விட்ட இடைவெளி 1.6 இருந்திருந்தால் இப்போது 1.1, அருமை. 1.2 இருந்திருந்தால் இப்போது 0.7, அதிக ஆர்பிஎம்மில் கனெக்டிங் ராடு நீளும்போது பிஸ்டன் முட்டவும் கூடும். உங்கள் வண்டி தப்பித்தது என்பதை வைத்து அடுத்தவரிடம் "இடைவெளியை அளக்காதே" என்று சொல்லாதீர்கள்.

ஜெட் நீடில்

என் கதை சின்னது. 2000 மீட்டர் உயரத்தில் வசிக்கும் நண்பர் 150 வரும்படி சீவினார், அங்கே சாதாரண பெட்ரோலிலேயே சமர்த்தாக ஓடியது. கடலோர மணல்மேட்டுக்குக் கொண்டு வந்தார். முதல் நீண்ட ஓட்டத்திலேயே ரேடியேட்டர் மூடியிலிருந்து பீய்ச்சி அடித்த தண்ணீர் அவர் பூட்ஸில் விழுந்தது. கேஜ் போட்டால் முள் 180-ஐத் தாண்டி நின்றது. காற்று அடர்த்தி கூடினால் அழுத்தமும் கூடத்தானே செய்யும்.

இனிச் சீவப் போகிறவர்களுக்குச் சில விஷயம். 64 மி.மீ. போரில் அரை மில்லி எடுத்தால் அறையில் ஏறக்குறைய 1.6 சிசி போகும். 20 சிசி அறைக்கு அது அற்பமில்லை. கணக்கை முதலில் போடுங்கள், வெட்டு அப்புறம். பொறி விழும் நேரத்தை மாற்றும் டைமிங் பிளேட்டை முன்பே அட்வான்ஸ் வைத்திருந்தால் அதைத் திருப்பிக் கொண்டு வாருங்கள். இறுக்கிய கலவை வேகமாக எரியும், அதற்கு அவ்வளவு முன்கூட்டிப் பொறி வேண்டாம். பிளக்கில் ஒரு படி குளிர்ந்ததுக்குப் போங்கள். என்ஜிகே என்றால் பி8இஎஸ் இடத்தில் பி9இஎஸ். எண் ஏறினால் குளிர்ச்சி, சில கம்பெனிகளில் நேர் தலைகீழ், அதில் ஏமாறாதீர்கள். விமானப் பெட்ரோல் ஊற்றினால் நாக்கிங் நிற்கும், ஆனால் அது எடை குறைந்தது. அதே ஜெட்டில் (கார்புரேட்டரில் பெட்ரோல் அளவை முடிவு செய்யும் துளை) ஓட்டினால் கலவை மெலிந்துபோகும், மெயின் ஜெட்டை ஏற்றியே ஆக வேண்டும். கேஜில் வால்வு பிளக் முனையில் இருக்கிறதா என்று பாருங்கள். குழாயின் மறுமுனையில் இருந்தால் குழாய்க்குள் இருக்கும் இடமும் அறையோடு சேர்ந்து, முள் குறைத்துக் காட்டும். பார்க்கும்போது த்ராட்டில் முழுக்கத் திறந்திருக்க வேண்டும். பேஸ் கேஸ்கட்டை மெலிதாக்கிக் கம்ப்ரஷன் ஏற்றலாம் என்று ஒருவர் கிளம்புவார். அதில் சிலிண்டரே இறங்குகிறது, போர்ட் டைமிங்கும் (சிலிண்டர் சுவர்த் துளைகள் திறந்து மூடும் நேரம்) மாறும், அது வேறு விளையாட்டு.

பிளாஸ்டர் 200

காற்றில் குளிரும் இன்ஜின்காரர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். எனக்குக் கொப்பளிக்க ரேடியேட்டரே கிடையாது. சீவிய பிறகு மரங்களுக்கு நடுவே முதல் கியரிலேயே ஊர்ந்தபோது, சாவியை அணைத்தும் இன்ஜின் நிற்காமல் தானாக ஓடியது. சோக் போட்டுத்தான் அடக்கினேன். திறந்த வெளியில் ஒரு தொந்தரவும் இல்லை.

மணல்மேட்டு 250

ஜெட் நீடில், கேட்டது அனுபவம், நீங்கள் நடத்தியது வகுப்பு. நடத்தியதுதான் நடத்தினீர்கள், இதற்கும் சொல்லுங்கள்: சீவிய பிறகு கீழே இழுவை வந்தது, மேலே முன்பு போல ஓடவில்லை, கத்தும் இடத்துக்கு முன்பே மூச்சு வாங்குகிறது. ஜெட் மாற்றிப் பார்த்தாகிவிட்டது.

ஜெட் நீடில்

ஜெட்டில் வராது. கம்ப்ரஷன் ஏறினால் வெப்பத்தில் அதிகப் பங்கு பிஸ்டனைத் தள்ளப் போகும், பைப்புக்குள் போகும் புகை முன்பைவிடக் குளிர்ந்திருக்கும். குளிர்ந்த புகையில் அழுத்த அலை மெதுவாகத் திரும்பும், பைப்பும் கீழ் ஆர்பிஎம்மிலேயே வேலை செய்து முடித்துவிடும். மேலே வேண்டுமானால் ஹெட்டர் (பைப்பின் முதல் துண்டு) நீளத்தைக் கொஞ்சம் குறைக்கலாம். ஆனால் அதற்கு முன், தயவுசெய்து ஒரு துண்டு ஈயக் கம்பி.

மணல்மேட்டு 250

சரி சரி, வாங்குகிறேன். எத்தனை மில்லி தடிமன்?

லேத் பட்டறை

2 போதும். ஒரு பக்கம் மட்டும் விடாதீர்கள், பிஸ்டன் சாய்ந்து பொய் சொல்லும்.