கன்செப்சுவல் மாடலிங் ஆய்வு, எங்கள் மலைக் காபிக்கு உதவுமா?

நாகலூர்க்காரி

வணக்கம். சேலத்தில் எம்.சி.ஏ. முடித்துவிட்டு முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்திருக்கிறேன். சொந்த ஊர் ஏற்காட்டில் நாகலூர் பக்கம். அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் அராபிகா. நிழலுக்குச் சில்வர் ஓக்கும் பலாவும், அவற்றில் ஏற்றிவிட்ட மிளகுக் கொடியும்.

என் வழிகாட்டி, கன்செப்சுவல் மாடலிங்கை, அதாவது ஒரு துறையில் என்னென்ன பொருள்கள் உண்டு, அவற்றுக்குள் என்ன உறவு என்று தகவல் அமைப்புக்காக வரைந்து காட்டும் முறையை, சுற்றுச்சூழல் நிலைத்தன்மையோடு சேர்த்துத் தலைப்பு எடுக்கச் சொல்கிறார். 1976இல் பீட்டர் சென் கொண்டுவந்த, பொருள்களையும் உறவுகளையும் காட்டும் இ.ஆர். வரைபடத்தில் தொடங்கி நிறைய படித்தேன். எல்லாம் கட்டமும் கோடுமாகத்தான் தெரிகிறது. ஊரிலோ, ஐரோப்பாவுக்குப் போகும் காபி எந்த நிலத்தில் விளைந்தது என்று காட்ட வேண்டுமாம் என்று வியாபாரிகள் சொல்கிறார்கள். அதற்குச் செயற்கைக்கோள் படமும் செயலியும் செய்பவர்கள்தானே நேரடியாக உதவுகிறார்கள்? கட்டம் வரைவதால் மலைக்கு என்ன கிடைக்கும்? மனதில் பட்டதைச் சொல்லுங்கள்.

அஸ்தம்பட்டி அன்பு

சிறு விவசாயிக்கு இருக்கும் பிரச்சினை விலை. கணக்கு எழுத எக்செல் போதும். செயற்கைக்கோள் பக்கமே போங்கள், வேலையும் கிடைக்கும்.

கணக்கெழுதுபவன்

அன்பு சொல்வதை ஏற்க முடியவில்லை. ஏற்காட்டில் ஒரு விவசாயிகள் குழுவுக்குப் பதிவேடு அமைத்துக் கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

அங்கே ஏற்கெனவே எக்செல் இருந்தது. ஆளுக்கு ஒரு வரி: பெயர், நிலம், கிலோ. பழத்தோல் நீக்கும் இயந்திரமான பல்ப்பர் வரைக்கும்தான் அது செல்லுபடியானது. பறித்த பழத்தை அன்றைக்கே தோல் நீக்க வேண்டும். பல்ப்பர் இல்லாதவர்கள் பக்கத்துத் தோட்டத்தில் கொண்டுபோய்ப் போடுகிறார்கள். நாலு வீட்டுப் பழம் ஒரே தொட்டியில் நொதிக்கிறது. காய்ந்து, உமியோடு கூடிய பார்ச்மென்ட் கொட்டை ஆன பிறகு வியாபாரியிடம் இன்னொரு முறை கலக்கிறது. ஒரு மூட்டைக்குள் பல நிலங்கள், ஒரு நிலத்துக் காபி பல மூட்டைகளில். இந்தப் பலவுக்குப் பல உறவை ஆளுக்கொரு வரியில் அடக்கவே முடியாது. நடுவில் 'ஒப்படைப்பு' என்ற நிகழ்வைத் தனிப் பொருளாக வைத்தோம்: யார், எந்த நிலத்துப் பழம், எத்தனை கிலோ, எந்தத் தொட்டி, எந்தத் தேதி. அதன் பிறகுதான் மூட்டையிலிருந்து நிலத்துக்குத் திரும்பிப் போக வழி கிடைத்தது.

அடுத்து, காலம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டுச் சட்டப்படி, 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த காபி அங்கே போக முடியாது. நடைமுறைக்கு வரும் தேதியைத் தள்ளிவைத்தார்கள், ஆனால் இந்த எல்லைத் தேதி மாறவில்லை. அதற்குப் பிறகு அண்ணன் தம்பி பாகம் பிரித்து சர்வே எண் உட்பிரிவு ஆகியிருந்தால், இன்றைய துண்டுக்கு அன்றைய நிலையை எங்கே தேடுவது? நிலம் ஒன்று; உடைமையாளர் என்பது ஓர் ஆள் சில காலம் வகிக்கும் பாத்திரம். இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டால் பாகப்பிரிவினையோடு பதிவு அறுந்துவிடும். பொருளின் வகையையும் அது வகிக்கும் பாத்திரத்தையும் பிரிப்பதற்கு கன்செப்சுவல் மாடலிங் ஆய்வாளர் ஜியான்கார்லோ குயிஸ்ஸார்டி தம் 2005 ஆய்வேட்டில் அடித்தளம் போட்டிருக்கிறார். அதை அவசியம் படியுங்கள்.

உங்கள் அப்பா நிலத்துக்கே வருகிறேன். ஒன்றரை ஏக்கர் சுமார் 0.6 ஹெக்டேர். அரை ஹெக்டேருக்கு மேல், 5 மீட்டருக்கு மேல் உயர்ந்த மரம், 10 சதவீதத்துக்கு மேல் கவிகை (மரத்தழை மூடும் பரப்பு) இருந்தால் காடு என்கிறது அந்தச் சட்டம். சில்வர் ஓக் நிற்கும் தோட்டம் மூன்றிலும் தேறிவிடும்! முதன்மையாக விவசாயத்துக்குப் பயன்படும் நிலத்துக்கு விலக்கு இருப்பதுதான் காப்பாற்றுகிறது. மேலே நிற்பது என்ன என்பதைப் படம் காட்டும், நிலம் எதற்குப் பயன்படுகிறது என்பது நீங்கள் வரையும் மாடல் அதைக் கேட்டால்தான் பதிவாகும். அது பதிவாகாவிட்டால், நிழல் மரம் காத்தவர்தான் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். மரத்தை வெட்டினால் நல்லது என்று யாருக்காவது தோன்றிவிட்டால் அதைவிடக் கொடுமை இல்லை.

வாழவந்தி அத்தை

கண்ணு, நான் தோட்டம் பார்க்கிறவள். கார்த்திகை, மார்கழியில் பழம் வரும்போது பல்ப்பர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு அப்புறம் வரை. இன்னொன்று. 2006 வன உரிமைச் சட்டத்தில் உரிமை கிடைத்த மலைவாழ் குடும்பங்கள் இருக்கிறார்கள். எல்லாரிடமும் உன் கட்டம் கேட்கிற பட்டா, சர்வே எண் அப்படியே இருக்காது. அதைக் கட்டாயம் என்று வைத்தாயானால் அவர்கள் பழம் கணக்கிலேயே ஏறாது. அவர்களை விட்டுவிடாதே.

நாகலூர்க்காரி

நன்றி அண்ணா, நன்றி அத்தை. நிலம், ஒப்படைப்பு, காலம் இவற்றையே தலைப்பாக எடுக்கலாம் என்று வழிகாட்டியிடம் சொல்லப்போகிறேன். ஒரு சந்தேகம் மட்டும். பிக்கப்பில் வந்து வீடு வீடாகப் பழம் எடுத்துப் போகிறவர் எதுவும் எழுதுவதில்லை. அந்தப் பழம் ஒரு தொட்டியில் கலந்துவிட்டால்?

கணக்கெழுதுபவன்

காலியாக விடாதீர்கள். 'நிலம் தெரியாது' என்பதையே ஒரு நிலையாக வைத்து, அந்தப் பங்கு எத்தனை கிலோ என்று எழுதுங்கள். அந்தத் தொட்டியிலிருந்து போகும் ஒவ்வொரு மூட்டைக்கும் அந்த நிலை கூடவே போக வேண்டும். அத்தை சொன்ன குடும்பங்களை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். அவர்கள் நிலம் தெரிந்த நிலம். 4 ஹெக்டேர் வரை ஓர் இருப்பிடப் புள்ளியே போதும் என்று ஐரோப்பியச் சட்டமே சொல்கிறது.