கேர் பிளானில் (நோயாளி பராமரிப்புத் திட்டத்தில்) எதை முதலில் வைப்பது? சீனியர்கள் சொல்லுங்க

வணக்கம். பிஎஸ்சி நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிறேன். டிரிப் கணக்கு வந்துடுச்சு: 1000 மில்லி சலைன், 8 மணி நேரம், மில்லிக்கு 20 சொட்டு செட்டுன்னா நிமிஷத்துக்குச் சுமார் 42 சொட்டு. சின்னச் சொட்டா விழுற மைக்ரோ செட் இன்னும் சுலபம்.

தலை சுத்துறது கேர் பிளான்லதான். நிமோனியாங்கிறது டாக்டர் எழுதற டயக்னோசிஸ். நாம எழுத வேண்டியது, சளியை வெளியேத்த முடியாம மூச்சுப்பாதை அடைபடுறதுன்னு. இதுவரை சரி. ஒரே நோயாளிக்கு நாலு பிரச்சினை இருந்தா? மூச்சுப்பாதை, சுவாசம், ரத்த ஓட்டம்னு வரிசை சொல்றாங்க. மூணுமே சீரா இருந்து, கடுமையான வலியும் கீழே விழுற அபாயமும் சேர்ந்திருந்தா எதை முதல்ல எழுதுவீங்க?

நீங்க எழுதின கேர் பிளான் ஒண்ணை, நோயாளி விவரத்தை எடுத்துட்டு, பகிர முடியுமா? காப்பி அடிக்க இல்லீங்க, எப்படி யோசிச்சீங்கன்னு பார்க்கத்தான். அடுத்த வாரம் சமர்ப்பிக்கணும்.