பழைய கணினியைக் கொடுத்துவிடாதீர்கள், பெரியப்பா!

சனிக்கிழமை

ராஜகோபால் பெரியப்பா: அனைவருக்கும் காலை வணக்கம். புதுக் கணினி வந்துவிட்டது. மின்னஞ்சல்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. முகவரிப் புத்தகம்தான் காலியாக இருக்கிறது, ஒரு பெயர்கூட இல்லை. கும்பாபிஷேக அழைப்பிதழைப் பங்காளிகளுக்கு அனுப்பவேண்டிய நேரத்தில் இப்படி ஆகிவிட்டது.

மீனாட்சி அத்தை: கடைக்காரர் எல்லாவற்றையும் மாற்றித் தந்துவிட்டதாகச் சொன்னீர்களே அண்ணா?

ராஜகோபால் பெரியப்பா: ஆவணங்கள், படங்கள் அத்தனையும் வந்திருக்கின்றன அம்மா. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது என்பதால்தான் புதிது வாங்கினேன். பழையதை விலையில் கழித்துக்கொண்டார். இன்று மாலை வந்து எடுத்துப்போகிறார்.

கவிதா: பெரியப்பா, பழைய கணினியைக் கொடுத்துவிடாதீர்கள்!

கவிதா: உங்கள் முகவரிகள் இப்போது அதில் மட்டும்தான் இருக்கின்றன. கடைக்காரரைத் திங்கட்கிழமை வரச் சொல்லுங்கள். முதலில் அந்த வேலையை முடியுங்கள், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சுந்தர் அத்தான்: அஞ்சல் வந்துவிட்டதே கவிதா, முகவரியும் தானாக வந்துசேராதா?

கவிதா: வராது அத்தான். அஞ்சல்கள் ஐமேப் முறையில் சர்வரில் இருக்கின்றன. எந்தக் கணினியில் கணக்கைத் திறந்தாலும் அங்கிருந்து இறங்கிவிடும். பெரியப்பா பயன்படுத்துவது தண்டர்பேர்டு என்ற மின்னஞ்சல் செயலி. அதில் அவர் சேர்த்த பெயர்கள் பழைய கணினியின் வன்தட்டில் ஒரு கோப்பில் கிடக்கின்றன. சர்வருக்கும் அந்தக் கோப்புக்கும் தொடர்பே இல்லை.

சுந்தர் அத்தான்: அப்படியானால் பழைய அஞ்சல்களைத் திறந்து முகவரிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துவிடலாமே. மாமா, நாளை நான் வந்து உட்கார்ந்து செய்து தருகிறேன்.

ராஜகோபால் பெரியப்பா: முகவரி கிடைத்துவிடும் சுந்தர். ஒவ்வொரு பெயருக்கும் கீழே குறிப்பு எழுதிவைத்திருக்கிறேன், அது எங்கே கிடைக்கும்? யாருடைய மகன், எந்தக் கிளை, எந்த ஊர், என்ன முறை என்று எல்லாம் அதில் இருக்கிறது. பினாங்குக்குப் போன நம் ஆட்களின் மூன்று தலைமுறையும் அதில்தான். அப்பா சொல்லச் சொல்லக் கேட்டு எழுதியது.

கவிதா: அதனால்தான் பதறினேன்.

ராஜகோபால் பெரியப்பா: கடைக்காரரிடம் பேசிவிட்டேன். திங்கட்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டார். இப்போது என்ன செய்யவேண்டும், சொல் அம்மா.

கவிதா: பழைய கணினியில் தண்டர்பேர்டைத் திறந்து, ‘ஹெல்ப்’ பட்டியலில் ‘ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்’ என்பதைச் சொடுக்குங்கள். ‘புரொஃபைல் ஃபோல்டர்’ என்ற வரிக்கு எதிரே ‘ஓப்பன் ஃபோல்டர்’ என்று ஒரு பொத்தான் இருக்கும்.

ராஜகோபால் பெரியப்பா: அழுத்தினேன், திறந்துவிட்டது. நிறையக் கோப்புகள் இருக்கின்றன. இப்படி ஓர் இடம் இருப்பதை நான் பார்த்ததே இல்லை.

கவிதா: ‘ஆப்டேட்டா’ என்ற கோப்புறைக்குள் இருக்கிறது பெரியப்பா. விண்டோஸ் அதை மறைத்தே வைத்திருக்கும். கடைக்காரரும் அதனால்தான் விட்டுவிட்டார். ‘ஏபுக்’ என்று தொடங்கி ‘எஸ்க்யூலைட்’ என்று முடியும் கோப்பு தெரிகிறதா?

ராஜகோபால் பெரியப்பா: தெரிகிறது. ‘ஏபுக்-1’ என்று இன்னொன்றும் இருக்கிறது. ‘ஹிஸ்டரி’ என்றும் ஒன்று.

கவிதா: மூன்றும் வேண்டும். முதலாவது உங்கள் சொந்த முகவரிப் புத்தகம். ‘ஏபுக்-1’ நீங்கள் தனியாகத் தொடங்கிய புத்தகமாக இருக்கும். ‘ஹிஸ்டரி’ என்பது நீங்கள் அஞ்சல் அனுப்பும்போது தானாகச் சேர்ந்த முகவரிகள்.

கவிதா: ஒன்று முக்கியம். கோப்புறையை அப்படியே திறந்து வைத்துக்கொண்டு தண்டர்பேர்டை மூடிவிடுங்கள். அதன் பிறகு பென் டிரைவில் நகலெடுங்கள். அது ஓடிக்கொண்டிருக்கும்போது நகலெடுத்தால் கடைசியாகச் சேர்த்த பெயர்கள் விட்டுப்போகலாம்.

சுந்தர் அத்தான்: சிஎஸ்வியாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த எளிய உரைக் கோப்பாக, ஏற்றுமதி செய்தால் சுலபம் இல்லையா? நான் எப்போதும் அப்படித்தான் செய்வேன்.

கவிதா: பெயரும் முகவரியும் வரும் அத்தான். ‘பினாங்கு’, ‘திருப்பணிக் குழு’ என்று பெரியப்பா கட்டிவைத்திருக்கும் அஞ்சல் பட்டியல்கள் சிஎஸ்வியில் வராது. இந்தக் கோப்பை அப்படியே எடுத்தால் பட்டியல்களும் குறிப்புகளும் கூடவே வந்துவிடும்.

சுந்தர் அத்தான்: என்னுடைய பழைய மடிக்கணினியில் ‘ஏபுக்’ கோப்பு ‘மேப்’ என்று முடிகிறதே?

கவிதா: 2020-இல் வந்த 78-ஆம் பதிப்புக்கு முன்பு அப்படித்தான் இருந்தது. அதையும் எடுத்து வையுங்கள், இப்போதைய தண்டர்பேர்டு அதையும் படிக்கும்.

ராஜகோபால் பெரியப்பா: மூன்றையும் நகலெடுத்துப் புதுக் கணினியில் போட்டுவிட்டேன்.

கவிதா: புதிய தண்டர்பேர்டில் ‘டூல்ஸ்’, பிறகு ‘இம்போர்ட்’. அதில் முகவரிப் புத்தகத்தைத் தேர்ந்தெடுத்து ‘எஸ்க்யூலைட்’ வகையைச் சொல்லுங்கள். எந்தப் புத்தகத்தில் சேர்ப்பது என்று கேட்கும்போது புதிதாக ஒன்றைத் தொடங்கச் சொல்லுங்கள். இருப்பதோடு கலந்துவிட்டால் எது எங்கிருந்து வந்தது என்று பிரிக்க முடியாது.

ராஜகோபால் பெரியப்பா: வந்துவிட்டது கவிதா! பெயர்கள் அத்தனையும் வந்துவிட்டன. ‘பினாங்கு’ பட்டியலும் இருக்கிறது. குறிப்பைத் திறந்து பார்த்தேன். ‘நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவரின் பேரன், எனக்குத் தம்பி முறை’ என்று நான் எழுதியது எழுத்து மாறாமல் இருக்கிறது. நீ நன்றாக இருக்கவேண்டும் அம்மா.

மீனாட்சி அத்தை: குலதெய்வம் காப்பாற்றிவிட்டது. சுந்தர், நீ கூகுளிலிருந்து எடுத்து அனுப்பிய சென்னை உறவினர் பட்டியலை எக்செல்லில் திறந்தேன். தமிழ்ப் பெயர் ஒன்றையும் படிக்க முடியவில்லை. தலையில் கோடும் புள்ளியும் போட்ட ஏதோ ஐரோப்பிய எழுத்துகளாக வரிசையாக நிற்கின்றன. தொலைபேசி எண்களும் 9.19 என்று தொடங்கிப் பாதியில் நிற்கின்றன.

கவிதா: அத்தை, சேமித்துவிடாதீர்கள்! சேமிக்கட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி மூடுங்கள்.

மீனாட்சி அத்தை: மூடிவிட்டேன். கோப்பு கெட்டுப்போய்விட்டதா?

கவிதா: இல்லை அத்தை, கோப்பில் தமிழ் சரியாகவே இருக்கிறது. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட்டுகள். எக்செல் அதை அறியாமல் ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாகக் காட்டியிருக்கிறது. எண்கள்தான் ஆபத்து. பன்னிரண்டு இலக்க எண்ணை அது கணக்குத் தொகையாக எடுத்துக்கொண்டு சுருக்கிக் காட்டும். அந்த நிலையில் சிஎஸ்வியாகச் சேமித்தால் பின்னால் இருக்கும் இலக்கங்கள் போயே போய்விடும்.

சுந்தர் அத்தான்: எனக்கும் அப்படி ஆகியிருக்கிறது. எண்கள் எல்லாம் பூஜ்யத்தில் முடிவது ஏன் என்று இப்போதுதான் புரிகிறது.

கவிதா: இனி இப்படித் திறவுங்கள். எக்செல்லில் வெற்றுத்தாளைத் திறந்து, ‘டேட்டா’ பட்டியலில் ‘ஃப்ரம் டெக்ஸ்ட்’ வழியாகக் கோப்பைக் கொண்டுவாருங்கள். ‘ஃபைல் ஆரிஜின்’ என்ற இடத்தில் 65001 என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள், அதுதான் யுடிஎஃப்-8. தொலைபேசி எண் பத்தியை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிடுங்கள்.

மீனாட்சி அத்தை: பெயர்கள் தெரிகின்றன கவிதா. எண்களும் முழுமையாக இருக்கின்றன. மின்னஞ்சல் இல்லாதவர்களுக்கு நான் இன்றே பேசத் தொடங்குகிறேன் அண்ணா.

ராஜகோபால் பெரியப்பா: நல்லது அம்மா. இனி பழைய கணினியைக் கொடுத்துவிடலாமா கவிதா?

கவிதா: நாளை பினாங்குப் பட்டியலுக்கு அழைப்பிதழை அனுப்பிப் பாருங்கள். திரும்பி வராமல் போய்ச்சேர்ந்தால் சரி. மூன்று கோப்புகளையும் எனக்கும் சுந்தர் அத்தானுக்கும் அனுப்பிவையுங்கள். அதன் பிறகு பழைய கணினியை முழுவதும் அழித்துவிட்டுத்தான் கொடுக்கவேண்டும். நம் உறவினர்கள் அத்தனை பேரின் முகவரியும் எண்ணும் அதில் இருக்கின்றன. முன்பின் தெரியாதவர் கையில் அது போகக்கூடாது.

சுந்தர் அத்தான்: அதை நான் பார்த்துக்கொள்கிறேன். ‘ரீசெட் திஸ் பிசி’யில் ‘ரிமூவ் எவ்ரிதிங்’ கொடுத்து, வன்தட்டைத் துடைத்தெடுக்கும் வசதியையும் சேர்த்து ஓடவிடவேண்டும். நேரம் பிடிக்கும். காலையிலேயே வந்துவிடுகிறேன் மாமா.

ராஜகோபால் பெரியப்பா: வா சுந்தர், மதியச் சாப்பாடு இங்கேதான். அழைப்பிதழில் யாகசாலை நேரத்தை ஒருமுறை சரிபார்த்துவிட்டு அனுப்பலாம்.