சிங்கப்பூருக்கு ஒர்க் பெர்மிட்டில் வந்திருக்கும் தம்பிகளுக்கு: பிரச்சினை வருமுன் தெரிந்திருக்க வேண்டிய ஆட்கள்

சிம் கார்டு, ஊருக்குப் பணம் அனுப்புவது இதையெல்லாம் ரூமில் இருக்கும் அண்ணன்களே சொல்லிவிடுவார்கள். சம்பளம் நின்றாலோ, சைட்டில் அடிபட்டாலோ யாரிடம் போவது என்பதைத்தான் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் டிடபிள்யூசி2 (TWC2) என்று ஒரு அமைப்பு இருக்கிறது. வீட்டுவேலைக்கு வந்த இந்தோனேசியப் பெண் ஒருவர் முதலாளியின் கொடுமையால் இறந்துபோனதைப் பொறுக்க முடியாமல், இங்குள்ள குடிமக்கள் சிலர் 2003இல் கூடி ஆரம்பித்தது. 2008 முதல் கஃப் ரோடு திட்டம் என்று தொழிலாளர்களுக்கு இலவசச் சாப்பாடு போடுகிறார்கள். ஏன் சாப்பாடு? கேஸ் நடக்கும்போது ஸ்பெஷல் பாஸில் (கேஸ் முடியும்வரை இங்கே தங்கக் கொடுக்கும் தற்காலிக அனுமதி) இருப்பவர் பெரும்பாலும் வேலை செய்ய முடியாது. சம்பளமும் இல்லை, ஊருக்கும் போக முடியாது. பசி தாங்காமல் கேஸை விட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு. அந்த இடத்தில் ஒரு தட்டுச் சோறுதான் வக்கீலைவிடப் பெரிய உதவி. சாப்பிட வருபவரிடம் தொண்டர்கள் உட்கார்ந்து பேசி, கேஸ் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் தங்கள் சொந்த வேலையை முடித்துவிட்டு வருபவர்கள். எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை உண்டு.

ஹெல்த்சர்வ் 2006இல் டாக்டர் கோ வெய் லியோங்கும் ஒரு தொழிலதிபரும் சேர்ந்து தொடங்கியது. குறைந்த செலவில் வைத்தியம் பார்க்கலாம். வீட்டுவேலைக்கு வந்திருக்கும் அக்கா தங்கச்சிகளுக்கு ஹோம் அமைப்பு. 2004இல் பிரிட்ஜெட் டான் தொடங்கியது. தங்க இடமும் தருவார்கள். தொழிற்சங்கமும் முதலாளிகள் சம்மேளனமும் சேர்ந்து நடத்தும் வெளிநாட்டு ஊழியர் நிலையம் 2009 முதல் இருக்கிறது.

சரி, இவர்களிடம் போகும்போது கையில் என்ன வேண்டும்? முதலில் ஐபிஏ கடிதம், அதாவது இங்கே வருமுன் உங்கள் பெர்மிட்டுக்குக் கிடைத்த முன் அனுமதிக் கடிதம். அதில் எழுதியிருக்கும் அடிப்படைச் சம்பளம்தான் உங்கள் பிடிமானம். உங்கள் எழுத்துபூர்வச் சம்மதம் இல்லாமல் அதைக் குறைக்க முடியாது. சம்பளச் சீட்டு 2016 ஏப்ரல் முதல் கட்டாயம். சம்பளம் மாதம் முடிந்து 7 நாளுக்குள் வர வேண்டும், ஓவர்டைம் பணம் 14 நாளுக்குள். எத்தனை மணிக்கு வேலை ஆரம்பித்தது, எப்போது முடிந்தது என்று தினமும் போனில் குறித்து வையுங்கள். எல்லாத் தாளையும் போட்டோ எடுத்து ஊரில் வீட்டுக்காரம்மாவுக்கும் அனுப்பி வையுங்கள். பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைத்துக்கொள்வது சட்டப்படி தப்பு.

அடிபட்டால் கம்பெனி ஆள் கூட வந்து, "எம்சி (மருத்துவ விடுப்பு) வேண்டாம், லைட் டியூட்டி (லேசான வேலை) போதும்" என்று டாக்டரிடம் சொல்வது நடக்கிற கதைதான். 2020 செப்டம்பர் முதல் லைட் டியூட்டி கொடுத்தாலும் எம்ஓஎம்முக்கு (மனிதவள அமைச்சுக்கு) முதலாளி தெரிவித்தே ஆக வேண்டும். யார் தப்பு என்ற கேள்வியே இல்லாமல் இழப்பீடு கேட்கலாம். விபத்து நடந்து ஒரு வருஷத்துக்குள் கேட்க வேண்டும்.

கேள்வி: அண்ணே, இங்கெல்லாம் போனது தெரிந்தால் கம்பெனிக்காரர்கள் பெர்மிட்டை கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்பிவிட மாட்டார்களா?

பதில்: கேன்சல் பண்ண அவர்களால் முடியும் தம்பி, அதை மறைக்க மாட்டேன். அதனால்தான் பிரச்சினை முற்றுவதற்கு முன்பே போகச் சொல்கிறேன். வேலை போன பிறகு சம்பளப் புகாருக்கு 6 மாதம்தான் டைம். வெற்றுத் தாளிலோ, "பணம் எல்லாம் வாங்கிவிட்டேன்" என்ற தாளிலோ பணம் கைக்கு வராமல் கையெழுத்துப் போடாதே. திடீரென்று ஏர்போர்ட்டுக்குக் கூட்டிப் போனால் பயப்படாதே. குடிநுழைவு அதிகாரியிடம் பாஸ்போர்ட்டை நீட்டும்போதே, "எனக்குச் சம்பளம் பாக்கி இருக்கிறது, எம்ஓஎம்மிடம் பேச வேண்டும்" என்று சொல்லு. ஆங்கிலம் வராவிட்டால் தமிழிலேயே சொல்லு.