ரெண்டு பாஷை வீட்டுல பிள்ளை பேச லேட்டாச்சா? உங்க அனுபவம் சொல்லுங்க

கொழிஞ்சாம்பாறை அம்மா

பையனுக்கு ரெண்டு வயசு முடிஞ்சும் பேச்சு சரியா வரலைங்க. நாங்க இருக்கறது கேரளா எல்லையில; வீட்டுல தமிழ், அங்கன்வாடியில மலையாளம். "ரெண்டையும் போட்டுக் குழப்பினா குழந்தை என்ன பண்ணும்"னு பொள்ளாச்சியிலிருந்து வந்த எங்கம்மா ஒரு பக்கம். "ஸ்கூலுக்குப் போகணும்ல, மலையாளமே பேசு"ன்னு பக்கத்து வீட்டுச் சேச்சி ஒரு பக்கம். ஒரு மாசம் என்னோட அரைகுறை மலையாளத்துல கொஞ்சிப் பார்த்தேன். அவன் என் வாயையே முறைச்சுப் பார்ப்பான்.

அங்கன்வாடி டீச்சர்தான், "அவன் சொல்ற வார்த்தை எல்லாத்தையும் எழுதிட்டு வாங்க, ரெண்டு பாஷையும்"னாங்க. ஃபிரிட்ஜ்ல தாளை ஒட்டி ஒரு வாரம் எழுதினேன். தமிழ்ல 19, மலையாளத்துல 12. ரெண்டு வயசுல சுமார் 50 வார்த்தை வரணும், ரெண்டு வார்த்தையைச் சேர்த்துச் சொல்லணும், எண்ணும்போது ரெண்டு மொழியையும் கூட்டிக்கணும்னாங்க. நான் தமிழை மட்டும் எண்ணிப் பயந்துட்டு இருந்திருக்கேன். ஆனா 31-உம் கம்மிதானே. "பாஷை மேல பழி போடாதீங்க, முதல்ல காதைக் காட்டுங்க"ன்னு அனுப்பிச்சாங்க.

அடிக்கடி சளி பிடிச்சதுல செவிப்பறைக்குப் பின்னால நீர் கோத்திருந்துச்சு. தண்ணிக்குள்ள முங்கிக்கிட்டுக் கேக்கற மாதிரி இருக்கும்னார் டாக்டர். பெரும்பாலும் தானா வடிஞ்சிரும், மூணு மாசம் கழிச்சு வாங்கன்னுட்டார். வடிஞ்சிருச்சு.

இன்னொண்ணையும் மறைக்கக் கூடாது. இந்த வயசுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல ஸ்கிரீன் வேண்டாம்னு உலக சுகாதார நிறுவனம் 2019-லயே சொல்லிருக்கு. எங்க வீட்டுல மூணு வேளைச் சோறும் போனைக் காட்டினாத்தான் இறங்கும். அதை நிறுத்தின முதல் நாலு நாள் தட்டு பறந்துச்சு.

நகரி அப்பா

எங்க பாப்பா நல்லாவே பேசிட்டு இருந்தா. நாங்க ஆந்திரா பக்கம், வீட்டுல தமிழ், தெருவுல தெலுங்கு. மூணு வயசுல "அப்பா, குக்க வந்துச்சு"ம்பா. "குக்க இல்ல, நாய்! சொல்லு, நாய்"னு ஒவ்வொரு தடவையும் நிறுத்துவேன். தமிழ் போயிடுமோன்னு ஒரு பயம். கொஞ்ச நாள்ல என்னைப் பார்த்தாலே வாயை மூடிக்கிட்டா, அம்மாகிட்ட மட்டும் வளவளன்னு பேசுவா. அப்புறம்தான் உறைச்சது. இப்போ திருத்துறதில்ல, "ஆமா, நாய் வந்துச்சு, வாலை ஆட்டுது பாரு"ன்னு பதிலுக்குள்ளயே சொல்லிடறேன். அஞ்சு வயசு ஆகுது. என்கிட்ட நாய், பக்கத்து வீட்டுல குக்க.

குமுளிக்காரி

எங்க கதை வேற. "ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசுவான், அவங்கப்பாவே நாலு வயசுலதான் பேசினான்"னு மாமியார் சொன்னதை நம்பி ஒரு வருஷத்தைத் தொலைச்சேன். பேச்சு மட்டும் இல்ல, பேரு சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டான். ஜீப்பு போனா விரல் நீட்டிக் காட்ட மாட்டான். ஒண்ணரை வயசுல இதெல்லாம் இல்லைன்னா காத்திருக்கவே கூடாதுன்னு பிறகுதான் தெரிஞ்சது. கேரளாவோ தமிழ்நாடோ, மாவட்டத்துல டிஇஐசின்னு, பிள்ளைங்க வளர்ச்சியில தாமதம் இருந்தா பார்க்கற அரசு மையம் இருக்கு, காசு வாங்க மாட்டாங்க. அங்கன்வாடியிலயோ ஆரம்ப சுகாதார நிலையத்துலயோ கேட்டா அனுப்பி விடுவாங்க. இப்போ பயிற்சிக்குப் போறோம். போன வாரம் ஜன்னல் பக்கம் என் கையைப் பிடிச்சு இழுத்தான், வெளியே குரங்கு.

கொழிஞ்சாம்பாறை அம்மா

குமுளி அக்கா, அடுத்த தடவை போறப்போ அவன் என்ன செய்யறான், எதுக்குத் திரும்பறான்னு தேதி போட்டு எழுதி எடுத்துட்டுப் போங்க. டாக்டர் முன்னாடி உக்காந்தா எனக்குப் பாதி மறந்துரும், அந்தத் தாள்தான் காப்பாத்துச்சு.

எங்க வீட்டுல நேத்து "பாட்டி, வெள்ளம் தா"ன்னான். எங்கம்மா "எங்கடா வெள்ளம்?"னு வாசலுக்கு ஓடிப் பார்த்துட்டு வந்து, தண்ணி மொண்டு குடுத்தாங்க.